“அங்க கிணறு இருக்கோ?”

கேள்வி: எனக்கு 23 வயது. ஒட்டுசுட்டான் பக்கம். அப்பா வயல் செய்கிறார். கிளிநொச்சியில் விவசாயபீடத்தில் படிக்கிறேன். மண், நீர் முகாமைத்துவப் பாடங்களுக்காக ஒரு செமஸ்டர் ஜேர்மனி போய்ப் படித்தேன். ஒக்டோபரில் போய் மார்ச்சில் வந்தேன். வந்து இரண்டு மாதமாகியும் வீட்டோடு ஒட்ட முடியவில்லை. அந்த ஆறு மாதத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மா “சாப்பிட்டியா” என்பதோடு சரி. அம்மம்மா ஒருநாள் “அங்க கிணறு இருக்கோ” என்று கேட்டா, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டாளிகளிடம் ஏதாவது சொன்னால் “படம் காட்டுறாள்” என்கிறார்கள். இதற்கு மீள் பண்பாட்டு அதிர்ச்சி என்று பெயராம், வாசித்தேன். இனி லீவிலும் வீட்டுக்குப் போகாமல் கிளிநொச்சியிலேயே அறை எடுத்து இருக்கலாமா?

பதில்: வேண்டாம். அறை எடுக்க வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மிச்சத்தை வாசிக்கும்போது உமக்குக் கோபம் வரும், பாதியில் மூடி வைத்தாலும் பதில் தெரிந்திருக்கட்டும்.

பிள்ளை, இந்தக் கடிதம் எனக்குப் புதிதில்லை. லண்டன் போய் வந்தவர்கள் எழுதுகிறார்கள், கொழும்பில் நாலு வருடம் இருந்துவிட்டு வந்தவர்கள்கூட எழுதுகிறார்கள், எல்லோருக்கும் ஊர் சின்னதாகிவிட்டது, ஒருவரும் கேட்கவில்லை. காலம் போகச் சரியாகும் என்று எழுதி அனுப்பலாம். உம்முடைய விஷயத்தில் அது சரியாகாது. நீர் எழுதியதில் ஒரு வரி பொய், அது பொய் என்று உமக்கே தெரியவில்லை.

ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்கிறீர். இரண்டு வரி தள்ளி, அம்மம்மா கேட்டா என்றும் எழுதியிருக்கிறீர். கேட்டிருக்கிறாவே! நீர் சிரித்தீர். என்ன பதில் சொன்னீர் என்று கடிதத்தில் இல்லை, அதனால் ஒன்றும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீரா? கடைசி யுத்தம் நடந்த 2008, 2009 இல் உமக்கு ஆறேழு வயது இருக்கும், கொஞ்சம் ஞாபகம் இருக்கும், மிச்சத்தைப் பெரியவர்கள் உமக்குச் சொல்லாமல் வைத்திருப்பார்கள். நாங்கள் தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று ஒவ்வொரு இடமாக நகர்ந்தபோது, புது இடத்தில் ஏற்கெனவே தறப்பாள் கட்டியிருந்தவர்களிடம் எங்கள் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்: கிணறு இருக்கோ? சாப்பாடு இருக்கோ என்றில்லை, பங்கர் வெட்டலாமோ என்றில்லை. தண்ணீர் இருந்தால் அங்கே பிள்ளைகளை வைத்திருக்கலாம், இல்லாவிட்டால் இன்னும் நடக்க வேண்டும். மாத்தளன் கரையில் மணலைத் தோண்டி உவர்த்தண்ணீர் எடுத்துக் குடித்தோம். பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் அகதி முகாம், தண்ணீர் பவுசர் எப்போது வரும் என்று தெரியாமல் வாளியோடு வரிசை. காணிக்குத் திரும்பி வந்த நாளில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. அம்மா நேரே போய் எட்டிப் பார்த்தது கிணற்றைத்தான். உள்ளே என்ன கிடக்கிறதோ என்ற பயம் வேறு. அதை இறைத்துத் துப்புரவாக்கி முதல் வாளி குடித்த பிறகுதான் இனி இங்கே இருக்கலாம் என்று அவர் வாயால் சொன்னார்.

உம்முடைய அம்மம்மாவும் அந்த வழியாக வந்தவராகத்தான் இருப்பார். என் பிள்ளை போன இடம் மனிதர் இருக்கக்கூடிய இடமோ, அங்கே அவளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை அவருக்குத் தெரிந்த ஒரே விதத்தில் கேட்டிருக்கிறார். நீர் ஆறு மாதத்தைப் பற்றி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தீர், அந்த வீட்டில் கேட்கப்பட்ட மிக ஆழமான கேள்வி வந்தபோது உமக்குச் சிரிப்பு வந்திருக்கிறது.

அப்புறம் இதையும் சொல்ல வேண்டும், நீர் மண்ணும் நீரும் படிக்கப் போன பிள்ளை. ஜேர்மனியில் குழாயில் வருகிற குடிநீரில் பெரும்பகுதி நிலத்தடி நீர் என்பதை அங்கே உமக்குப் படிப்பித்திருப்பார்களே. அப்படியென்றால் கிணறு இருக்கிறது! ஆழத்தில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, துலாவும் இல்லை, வாளியும் இல்லை, ஆனால் இருக்கிறது. அம்மம்மா கேட்டது சரியான கேள்வி. பாடத்தைப் படித்துவிட்டு வந்த நீர்தான் பதில் தெரியாதவர் மாதிரி நின்றிருக்கிறீர்.

மீள் பண்பாட்டு அதிர்ச்சி பொய்யென்று நான் சொல்லவில்லை. 1963 இல் கலஹோர்ன் என்ற இணையர் அதை எழுதினார்கள். வெளிநாடு போனவருக்கு அங்கே ஒரு இறக்கமும் ஏற்றமும் வருகிற மாதிரி, வீடு திரும்பிய பிறகும் இன்னொரு தடவை வரும் என்றார்கள். சரி, வரட்டும். ஆனால் உம்முடைய கடிதத்தில் அந்த இறக்கம் உமக்கு மட்டும்தான் வருகிறது. நீர் போனது காலபோகம் விதைக்கிற நேரம், வந்தது அரிவு வெட்டு முடிந்த பிறகு. ஒரு முழுப் போகம் உம் கண்ணில் படாமல் போயிருக்கிறது. மழை எப்படி, குளம் வான் பாய்ந்ததா, வரம்பு உடைத்ததா, அப்பா யானைக்குக் காவல் கொட்டிலில் எத்தனை இரவு படுத்தார், நெல் என்ன விலைக்குப் போனது, உம்மை அனுப்பிய செலவுக்கு எதை ஈடு வைத்தார்கள், அது மீண்டுவிட்டதா? இவற்றில் ஒன்றுகூட உம்முடைய கடிதத்தில் இல்லை. இந்த இரண்டு மாதமும் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் வீட்டுக் கிணற்றில்தான் குளிக்கிறீர், மாரி வெள்ளம் அதற்குள் போனதா, போனால் யார் இறைத்து குளோரின் போட்டது என்று கேட்டீரா? உம்மை ஒருவரும் கேட்கவில்லை என்கிற நீர் யாரைக் கேட்டீர்?

இன்னொன்று. குளிர்காலத்தில் அங்கே பின்னேரம் ஆறு மணி என்றால் இங்கே இரவு பத்தரை. வகுப்பு முடித்து அறைக்கு வந்து நீர் போன் எடுக்கிற நேரம் ஊரே படுத்திருக்கும். அந்தப் பத்தரைக்கு போனை எடுத்தது யார்? அம்மாதானே? நெற்காலத்தில் விடிய நாலு மணிக்கு எழும்புகிற மனிசி. அவர் இப்போது “சாப்பிட்டியா” என்று மட்டும் கேட்கிறார் என்று குறைப்படுகிறீர், எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

போய் வந்தவர்தான் சொல்ல வேண்டும். கேட்டால் சொல்வேன் என்று இருப்பது விருந்தாளியின் பழக்கம். வீட்டுப் பிள்ளை பையை வைத்த உடனே தொடங்கிவிடும், அடுப்படியில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டே சொல்லும், கேட்பவர்களுக்குப் பாதி விளங்காவிட்டாலும் சொல்லும். இதெல்லாம் பழைய காலத்துப் பேச்சு என்று உமக்குத் தோன்றலாம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஒரு குடும்பம் தன்னில் ஒருவரைத் தூரத்துக்கு அனுப்பினால் அவர் பார்த்ததில் குடும்பத்துக்குப் பங்கு உண்டு, அந்தப் பங்கைக் கொடுக்காமல் கிளிநொச்சியில் அறைக்குள் வைத்துப் பூட்டுகிறேன் என்கிறீர்.

கூட்டாளிகளை விடும். அவர்களுக்கும் போக ஆசை இருந்திருக்கும். விண்ணப்பம் எப்படிப் போடுவது என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடும், பிறகு என்ன சொல்கிறார்கள் என்று பாரும்.

இந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறும். மாங்குளத்தில் இறங்கி முல்லைத்தீவு பஸ்ஸைப் பிடித்தால் இருட்ட முன் வீடு. சனி காலையில் அம்மம்மா முகம் கழுவக் கிணற்றடிக்கு வருவார். நீர் அள்ளி ஊற்றும். ஊற்றிக்கொண்டே சொல்லும்: “அம்மம்மா, அண்டைக்குக் கேட்டனீங்களே, அங்க கிணறு இருக்கு. நிலத்துக்குக் கீழ ஆழத்தில, நாங்கள் காணேலாது. குழாயைத் திறந்தால் அப்படியே குடிக்கலாம், குளிருக்குச் சுடுதண்ணியும் வரும்.” அன்றைக்குச் சிரித்ததற்கு மன்னிப்பும் கேளும். கேட்டுவிட்டு எழும்பி ஓடாமல் அந்தக் கிணற்றுக்கட்டில் இரும். அவர் அடுத்து என்ன கேட்டார் என்று எனக்கு எழுதும்.