அரசே வழக்குப் போடும் என்று காத்திருக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில், 60 பேர் வேலை செய்யும் ஒரு கிடங்கில் இருக்கிறேன். ஆறு மாதக் கர்ப்பிணி. கனமான பெட்டிகளைத் தூக்க முடியாது, பில் போடும் வேலைக்கு மாற்றுங்கள் என்று கேட்டதற்கு, சம்பளமில்லா விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். 'சம வேலைவாய்ப்பு ஆணையத்திடம் சொல், அவர்களே கேஸ் போடுவார்கள்' என்கிறாள் தோழி. ஆனால் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தரிடம் தீர்த்துக்கொள்வதாக வேலையில் சேரும்போதே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என்ன செய்ய?
— பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: முதலில், உங்களுக்கு நடந்தது தவறு. 2023 ஜூன் 27 முதல் நடப்பில் உள்ள கர்ப்பிணித் தொழிலாளர் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம் இப்படிக் கேட்பவருக்கு இயன்ற மாற்று ஏற்பாடு செய்து தரவேண்டும். வேறு வழி இருக்கும்போது கட்டாய விடுப்பில் அனுப்பக் கூடாது.

தோழி சொல்வதில் பாதிதான் சரி. வேலையிடப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான இந்த ஆணையத்துக்கு, தனியார் நிறுவனங்கள் மீது வழக்குப் போடும் அதிகாரம் 1972 முதல் உண்டு. ஆனால் 2024 நிதியாண்டில் வந்த புகார்கள் 88,000-க்கும் மேல். ஆணையம் தொடுத்த வழக்குகள் 111. போட்டாலும் அது ஆணையத்தின் வழக்கு. அவர்களுடைய வக்கீல் உங்கள் வக்கீல் அல்ல.

ஆகவே சும்மா இருக்காதீர்கள். விடுப்பில் அனுப்பிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் பதிவாக வேண்டும். பல மாநிலங்களில் 300 நாள் வரை அவகாசம் உண்டு, இருந்தாலும் 180 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விசா நிலை எதுவானாலும் இந்தச் சட்டங்கள் உங்களையும் காக்கும். பதிவான 10 நாட்களுக்குள் நிறுவனத்துக்குத் தகவல் போய்விடும் என்பதால், வேலை மாற்றம் கேட்டு நீங்கள் அனுப்பிய மெசேஜ், மேனேஜரின் பதில், டாக்டர் சீட்டு, ஷிஃப்ட் அட்டவணை எல்லாவற்றையும் அதற்கு முன்பே உங்கள் சொந்த போனில் சேர்த்துவிடுங்கள். ஆபீஸ் மெயிலை எந்த நிமிடமும் முடக்கிவிடலாம்.

அந்தக் கையெழுத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். அது புகார் கொடுப்பதைத் தடுக்காது. நீங்களாக வழக்குப் போட்டால் அது குறுக்கே வரலாம். ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆணையம் வழக்கு வேண்டாம் என்று முடிவெடுத்தால் நீங்களே வழக்குப் போடலாம் என்று சொல்லும் வழக்குரிமைக் கடிதம் தரும். அது கைக்கு வந்த 90 நாட்களுக்குள் நீங்கள் கோர்ட்டுக்குப் போகவேண்டும். அப்போது வக்கீல் தேடி ஓடாமல், இப்போதே ஒருவரிடம் பேசி வையுங்கள். அந்தக் கையெழுத்தையும் அவரிடம் காட்டுங்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அயோவாவில் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ள 32 தொழிலாளர்களைக் கொடுமைப்படுத்திய நிறுவனத்துக்கு எதிராக, ஆணையம் தொடுத்த வழக்கில், 2013-ல் ஜூரி விதித்தது 24 கோடி டாலர். கடைசியில் அது 16 லட்சம் டாலராகச் சுருங்கியது. காரணம், 100 பேர் வரை உள்ள நிறுவனத்தில் மன உளைச்சலுக்கான இழப்பீட்டுக்கும் நிறுவனத்தைத் தண்டிக்க விதிக்கும் தொகைக்கும் சேர்த்து ஆளுக்கு 50,000 டாலர்தான் உச்சவரம்பு. எனக்கு இது பெரிய அநியாயமாகத்தான் படுகிறது. உங்கள் நிறுவனத்துக்கும் இதே வரம்புதான். இழந்த சம்பளம் இதில் சேராது, அதைத் தனியாகக் கேட்கலாம்.

அப்புறம், புகார் கொடுத்ததற்காக வேலையைவிட்டு நீக்கினால் அது தனிக் குற்றச்சாட்டு. அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டு, அதையும் புகாரில் சேர்க்கச் சொல்லுங்கள்.