மூன்று வாரம் ஆகிவிட்டது, இனி என்ன செய்வது?

கேள்வி: என் மகள் டர்பனில் பல்கலைக்கழக விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு பார்ட்டியில் குடிக்க வைத்திருக்கிறார்கள். நினைவு தப்பிக் கிடந்தவளிடம் கூடப் படிக்கும் பையன் தவறாக நடந்துவிட்டான். அவன் குடும்பமும் நாங்களும் ஒரே கோயிலில் காவடி எடுப்பவர்கள். போலீசுக்குப் போனால் இவள் பெயர்தான் கெடும் என்கிறார் கணவர். அன்று அவள் உடுத்தியிருந்த துணியையும் துவைத்துவிட்டேன்.
- ஒரு தாய், சாட்ஸ்வொர்த்

பதில்: அம்மா, துணியைத் துவைத்ததை நினைத்துக் குமைந்துகொண்டிருக்காதீர்கள். கறையைக் கண்டால் தாயின் கை தண்ணீரைத்தான் தேடும். அதனால் வழக்கே போய்விடாது.

'தவறாக நடந்துவிட்டான்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பெயர் வன்புணர்வு. போதையில் நினைவில்லாமல் கிடந்தவள் சம்மதித்தாள் என்று யாரும் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்காவின் 2007ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்திலேயே அது இருக்கிறது.

சரி, போலீஸ் பேச்சு அப்புறம். முதலில் மருத்துவமனை. உங்கள் ஊர் ஆர்.கே.கான் மருத்துவமனையிலேயே, வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கென்றே நடக்கும் துத்துசேலா மையம் இருக்கிறது. கோசா மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆறுதல் என்று பொருள். போலீசில் புகார் கொடுக்காமலும் அங்கே சிகிச்சை பெறலாம். 72 மணி நேரத்துக்குள் போயிருந்தால் எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க 28 நாள் மாத்திரை கிடைத்திருக்கும். 5 நாளுக்குள் கருத்தரிக்காமலிருக்க மாத்திரையும். அந்த நாள்கள் கடந்துவிட்டன, உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் பால்வினை நோய்களுக்குப் பரிசோதனை, மருந்து, மனநல ஆலோசனை எல்லாம் இன்றும் உண்டு. எச்.ஐ.வி. இரத்தத்தில் தெரியச் சில வாரமாகும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்க வேண்டும். கரு தங்கியிருந்தால், 12 வாரம் வரை அவள் கேட்டாலே கலைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

இதை வீட்டு மானமாகவே பார்த்துப் பழகியதால்தான் எத்தனையோ மாணவிகள் அந்த 72 மணி நேரத்தை அறைக்கதவைச் சாத்திக்கொண்டே கழித்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் நெஞ்சு எரிகிறது. புதுப் பிள்ளைகளுக்கு நூலகம் எங்கே, சாப்பாட்டுக்கூடம் எங்கே என்று முதல் வாரமே காட்டுகிறார்கள். இந்த மையம் எங்கே என்றும் அன்றே காட்ட வேண்டும், பையன்களுக்கும் சேர்த்து.

வன்புணர்வு வழக்குக்கு இந்த நாட்டில் காலக்கெடு கிடையாது. அடுத்த மாதமோ, படிப்பு முடிந்தோ, அவளுக்கு எப்போது தெம்பு வருகிறதோ அப்போது புகார் கொடுக்கலாம். அதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும், உங்கள் கணவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

நாளைக் காலையே கூட்டிப்போங்கள். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றால் நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். கோயிலுக்கு வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். 'அங்கே ஏன் போனாய்' என்று மட்டும் கேட்காதீர்கள்.