‘ரிவர்ட்’ என்று எழுதினால் பையர் ஏன் குழம்புகிறார்?

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில், ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். சாய நிறத்துக்கு (ஷேடுக்கு) ஒப்புதல் பெறச் சிறு துணித்துண்டில் ஏற்றிக் காட்டும் லேப் டிப் மாதிரியை இரண்டாம் முறை திருத்தி, எங்களிடம் ஆடை வாங்கும் இங்கிலாந்து பையருக்கு அனுப்பிவிட்டு, “ஆஸ் யூ செட் அஸ், வீ டிஸ்கஸ்டு அபவுட் தி ஷேட் வித் அவர் டையிங் யூனிட். கைண்ட்லி இன்டிமேட் யுவர் அப்ரூவல் அண்ட் ரிவர்ட்” என்று மின்னஞ்சல் எழுதினேன். “பழைய ஷேடுக்கே திரும்பிவிடலாம் என்கிறீர்களா?” என்று அவர் கேட்டார். என் ஆங்கிலத்தில் எங்கே பிழை? சொல்வது, தெரிவிப்பது, பேசுவது ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை எப்படிப் பிரித்தறிவது?

பதில்: உங்கள் பையருடைய குழப்பம் நியாயமானது. ‘ரிவர்ட்’ என்பது திரும்புதல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதற்கு இன்றும் முன்பிருந்த நிலைக்குத் திரும்புதல் என்பதே பொருள். குத்தகைக் காலம் முடிந்ததும் நிலம் உரிமையாளரிடம் திரும்பிச் சேர்வதையும், கணினியில் செய்த மாற்றத்தை நீக்கிப் பழைய அமைப்புக்கே போவதையும் அச்சொல்லால் குறிப்பார்கள். பதில் எழுதுதல் என்ற பொருள் இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளின் அலுவலகங்களில் வேரூன்றிய வழக்கு. அது இங்கே எல்லோருக்கும் விளங்குகிறது என்பதால் அதைப் பிழை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் பழைய ஷேடு, புதிய ஷேடு என இரண்டு இருந்தன. அந்த இடத்தில் ‘ரிவர்ட்’ என்று படிக்கும் ஆங்கிலேயருக்குப் பழைய ஷேடுதான் முதலில் நினைவுக்கு வரும். ‘ரிப்ளை’ என்று எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

‘இன்டிமேட்’ இன்னும் நுட்பமானது. அறிவித்தல் என்ற பொருள் அதற்குப் பழங்காலம் தொட்டே உண்டு. நம் அரசாணைகளிலும் வங்கிக் கடிதங்களிலும் அது அப்பொருளிலேயே நிலைத்துவிட்டது. இங்கிலாந்தில் இன்று அதைப் பெரும்பாலும் வெளிப்படையாகச் சொல்லாமல் குறிப்பால் உணர்த்துவதற்கே ஆள்கிறார்கள். ஆகவே ஒப்புதலை ‘இன்டிமேட்’ செய்யுங்கள் என்பது, ஒப்புதலை மறைமுகமாகக் கோடிகாட்டுங்கள் என்று அவர் காதில் விழக்கூடும். மேலும், நெருக்கமான, அந்தரங்கமான என்ற பொருள்தரும் பெயரடையும் இதே எழுத்துகளால் ஆனதே. பேச்சில் பெயரடையின் இறுதி ‘மட்’ என்றும் வினையின் இறுதி ‘மேட்’ என்றும் ஒலிப்பதால் வேறுபாடு தெரியும்; எழுத்தில் அந்த உதவியும் இல்லை. வணிகக் கடிதத்துக்கு ‘கன்ஃபர்ம்’, ‘லெட் அஸ் நோ’ ஆகிய இரண்டுமே போதும்.

இனி ‘ஆஸ் யூ செட் அஸ்’ என்ற தொடருக்கு வருவோம். தமிழில் ‘சொல்’ என்ற ஒரே வினை எல்லா இடத்துக்கும் பொருந்துவதற்குக் காரணம், கேட்பவர் யார் என்பதை வேற்றுமை உருபு காட்டிவிடுவதுதான்: என்னிடம் சொன்னார், எனக்குச் சொன்னார். ஆங்கிலத்தில் அந்த வேலையை வினையும் அதைத் தொடரும் சொல்லும் பகிர்ந்துகொள்கின்றன. ‘டெல்’ என்ற வினைக்குப் பின் கேட்பவர் நேரடியாக வந்து நிற்க வேண்டும். ‘சே’ என்ற வினைக்குச் சொல்லப்பட்ட செய்தியே முதன்மை, கேட்பவரைக் குறிப்பிட வேண்டுமென்றால் இடையில் ‘டு’ வேண்டும். எனவே ‘ஹீ டோல்ட் மீ’, ‘ஹீ செட் டு மீ’ ஆகிய இரண்டும் சரி. ‘ஹீ செட் மீ’, ‘ஹீ டோல்ட் டு மீ’ ஆகிய இரண்டும் தவறு. உண்மை, பொய், கதை போன்ற சிலவற்றுக்குக் கேட்பவர் இல்லாமலும் ‘டெல்’ வரும்.

அப்படியானால் ‘ஆஸ் யூ டோல்ட் அஸ்’ என்று மாற்றினால் போதுமா என்றால், இலக்கணம் சரியாகிவிடும். ஆயினும் ‘டெல்’ என்ற வினையோடு ஒரு செயலைச் சேர்த்து, இன்னதைச் செய்யும்படி ‘டோல்ட்’ என்றால் அது கட்டளையாகிவிடும். மேலாளர் ஊழியரிடம் சொல்வது அந்த வகை. பையர் கேட்டுக்கொண்டதைக் குறிக்க ‘ஆஸ்க்’ என்ற வினையே பண்பானது. நம்முடைய ‘கேள்’ வினாவுக்கும் வேண்டுகோளுக்கும் சேர்ந்து நிற்பதைப் போல ‘ஆஸ்க்’ என்பதும் நிற்கிறது. ஆனால் காதால் கேட்பதற்கு மட்டும் அவர்கள் ‘ஹியர்’, ‘லிசன்’ என்று தனியே போய்விடுகிறார்கள். ஒலி தானாக வந்து காதில் விழுந்தால் முன்னது. மனம் வைத்துக் கேட்டால் பின்னது.

‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதில் தமிழின் ‘பற்றி’ அப்படியே குடியேறியிருக்கிறது. ஷேடைப் பற்றிப் பேசினோம் என்று நாம் நினைக்கிறோம். ‘டிஸ்கஸ்’ என்ற வினைக்குள் அந்தப் ‘பற்றி’ ஏற்கெனவே அடங்கியிருப்பதால் ‘அபவுட்’ மிகையாகிறது. ‘மென்ஷன்’ என்பதற்கும் இதுவே விதி. பெயர்ச்சொல்லாக்கி ‘டிஸ்கஷன் அபவுட் தி ஷேட்’ என்றால் தவறில்லை. இதேபோல் ‘இன்ஃபார்ம்’, ‘கான்டாக்ட்’ ஆகிய வினைகளுக்குப் பின் ஆள் நேரடியாக வருவார். ‘இன்ஃபார்ம் டு மீ’ என்பது ‘எனக்கு’ என்பதிலுள்ள நான்காம் வேற்றுமையின் நிழல். ‘எக்ஸ்ப்ளெய்ன்’ மட்டும் இதற்கு நேர்மாறு: அங்கே ‘டு’ கட்டாயம், ‘எக்ஸ்ப்ளெய்ன் மீ’ என்பது பிழை.

‘ஸ்பீக்’, ‘டாக்’ பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரு மொழியைப் பேசுவதற்கு ‘ஸ்பீக்’ மட்டுமே வரும். மேடைப் பேச்சுக்கும் முறையான உரையாடலுக்கும் அதுவே பொருந்தும். நண்பர்கள் இருவர் பேசிக்கொண்டிருப்பது ‘டாக்’. மற்ற இடங்களில் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதினாலும் கடிதம் கெடாது.

உங்கள் மின்னஞ்சலை நான் இப்படித் திருத்துவேன்: “ஆஸ் யூ ஆஸ்க்ட், வீ டிஸ்கஸ்டு தி ஷேட் வித் அவர் டையிங் யூனிட். ப்ளீஸ் கன்ஃபர்ம் வெதர் யூ அப்ரூவ் தி செகண்ட் லேப் டிப்.” ‘செகண்ட்’ என்பதை வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன், எந்த மாதிரிக்கு ஒப்புதல் கேட்கிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. ‘கன்ஃபர்ம்’ என்று கேட்டபின் பதில் எழுதுங்கள் என்று தனியே கேட்கத் தேவையில்லை. அவசரமென்றால் சாயப்பட்டறைக்குத் துணி போக வேண்டிய நாளைக் குறிப்பிடுங்கள்.

இந்த வேறுபாடுகளைத் தமிழ்ப் பொருளை மட்டும் தரும் அகராதியில் தேடினால் கிடைக்காது. அங்கே ‘சே’, ‘டெல்’ இரண்டுக்கும் ‘சொல்’ என்றே இருக்கும். பிறமொழியினருக்கென்று எழுதப்பட்ட ஆங்கில அகராதியைப் பாருங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி, ஒவ்வொரு வினையும் எந்தச் சொற்களை எந்த வரிசையில் ஏற்கும் என்பதை வகைப்படுத்தி 1942இல் டோக்கியோவில் ஓர் அகராதி வெளியிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதையே 1948இல் மறுபடி வெளியிட்டது. அதன் வழிவந்த ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதி இன்று இணையத்திலும் கிடைக்கிறது. அதில் பொருளைப் படிக்கும் முன் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். வினைக்குப் பின் ஆள் வருகிறாரா, ‘டு’ வருகிறதா என்பதைக் கவனித்து, அந்தச் சிறு தொடரை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ‘எக்ஸ்ப்ளெய்ன்’ என்றால் விளக்கு என்று எழுதிவைப்பதைவிட ‘எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ’ என்று எழுதிவைப்பது, அடுத்த மின்னஞ்சலைத் தட்டச்சு செய்யும்போது உங்கள் கைக்கு நேராக உதவும்.

உங்கள் சாயப்பட்டறைக்கு எழுதும்போது ‘ரிவர்ட்’ தாராளமாக வரலாம். அதே மின்னஞ்சலைப் பையருக்கும் முன்னனுப்பும் வழக்கம் உங்கள் அலுவலகத்தில் இருந்தால், அங்கேயும் ‘ரிப்ளை’ என்றே எழுதிப் பழகுங்கள்.