ஐஜிபிடி மாற்றியும் டிரைவ் திரும்பி வருகிறதே!

கேள்வி: ஈசிஇ டிப்ளமோ முடித்துவிட்டு, கோவையில் ஸ்பின்னிங் மில் டிரைவ்களை (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிகளை) சரிசெய்யும் ஒரு சர்வீஸ் கடையில் இரண்டு வருடமாக இருக்கிறேன். ஐஜிபிடி, அதாவது மோட்டாருக்குக் கரண்டை ஆன்-ஆஃப் செய்து கொடுக்கும் பவர் ஸ்விட்ச், போன டிரைவுக்குப் புதிது போட்டு, மோட்டாரை ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புகிறேன். இரண்டே மாதத்தில் அதே இடம் வெடித்துத் திரும்பி வருகிறது. முதலாளி எல்லோர் முன்பும் திட்டுகிறார். இந்த வேலை எனக்கு வராதோ? சாப்ட்வேர் கோர்ஸ் படிக்கப் போய்விடலாமா?

பதில்: தம்பி, கோர்ஸ் விஷயத்தை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்த டிரைவுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் மனக்கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

வெடித்தது ஐஜிபிடி, சரி. அதை வெடிக்க வைத்தது எது என்று தேடினீர்களா? அதை ஆன்-ஆஃப் செய்யும் கேட் என்ற முனைக்குச் சுமார் 15 வோல்ட் ஒழுங்காகப் போனால்தான் ஐஜிபிடி முழுதாக ஆன் ஆகும். அந்தச் சப்ளையில் 22, 47 மைக்ரோஃபாரட் என்று குட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும், பார்த்தால் வீங்கியிருக்காது, ஆனால் உள்ளே காய்ந்து போயிருக்கும், அப்போது கேட் வோல்டேஜ் இறங்கி, ஐஜிபிடி அரைகுறையாக ஆன் ஆகிச் சூடேறும். கடையில் லோடு இல்லாமல் ஓட்டும்போது இது தெரியவே தெரியாது. மில்லில் முழு லோடு ஏறியதும் போய்விடும். நானும் ஆரம்பத்தில் ஒரே டிரைவுக்கு மூன்று முறை ஐஜிபிடி மாற்றியிருக்கிறேன். நான்காவது முறைதான், கெப்பாசிட்டர் காய்ந்திருக்கிறதா என்று காட்டும் ஈஎஸ்ஆர் மீட்டரைக் கையில் எடுத்தேன், அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் மறக்கவில்லை.

அதனால் இனி பவர் பக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஆறு ஐஜிபிடிகளின் கேட்டிலும் வரும் பல்ஸை ஆசிலோஸ்கோப்பில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் குட்டையாக இருந்தால் அங்கே ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஐசி), கேட் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் மூன்றையும் சோதியுங்கள். புது ஐஜிபிடி போட்ட பிறகு முதல் தடவை நேராக சப்ளை கொடுக்காமல், கரண்ட் அதிகம் பாயாமல் தடுக்க சீரிஸில் ஒரு பல்பு வைத்துக் கொடுங்கள்.

மில்லுக்கும் ஒருமுறை நேரில் போய் வாருங்கள். சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கில் பஞ்சு அடைத்திருக்கும், ஃபேன் நின்றிருக்கும். 10 டிகிரி சூடு கூடினால் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும், அந்தச் சூட்டைக் குறைக்காமல் நீங்கள் எவ்வளவு நன்றாக சால்டர் வைத்தும் பயனில்லை. மோட்டார் கேபிளையும் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், டிரைவிலிருந்து கழற்றிய பிறகு மட்டும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். 415 வோல்ட் டிரைவில் டிசி பஸ், அதாவது உள்ளே பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கும் டிசி, கிட்டத்தட்ட 587 வோல்ட். மெயினை அணைத்தாலும் அது உடனே இறங்காது. இண்டிகேட்டர் அணைந்துவிட்டது என்று நம்பிக் கை வைக்காதீர்கள், மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொடுங்கள்.

சாப்ட்வேர் உங்களுக்கு நிஜமாகவே பிடித்திருந்தால் தாராளமாகப் போங்கள். டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. ஆனால் திட்டு வாங்கிய கோபத்தில் முடிவெடுக்க வேண்டாம். காரணம் தெரியாமல் ஒரு போர்டு திரும்பி வருவது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று எழுதியிருந்தால் கூட நான் ஆச்சரியப்பட மாட்டேன், இந்த வேலைக்கு ஏற்ற ஆளுக்கு அப்படித்தான் இருக்கும்.

கடைசியாகத் திரும்பி வந்த அந்த டிரைவை இன்னும் யாரும் தொடவில்லை என்றால் நாளைக்கு அதையே எடுங்கள். எந்தக் கெப்பாசிட்டர் எவ்வளவு காட்டியது என்று ஒரு நோட்டில் எழுதி, ஆறு கேட்டுக்கும் பல்ஸ் எப்படி இருந்தது என்றும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.