பட்டறைக் கேள்வி பதில்: முதலில் மெசினா, ஆளா?

(திருகோணமலை நிலாவெளி வீதிப் பக்கம் பலர் சேர்ந்து பாவிக்கும் பொதுத் தச்சுப்பட்டறை ஒன்றின் திறப்பையும் கணக்கையும் வைத்திருக்கும் அக்கா, இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.)

கேள்வி: ஓய்வுபெற்ற நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பொதுத் தச்சுப்பட்டறை தொடங்கப் பார்க்கிறோம். பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து கொஞ்சம் காசு அனுப்புவார்கள். முதலில் எந்த மெசினை வாங்குவது?
- வாசகர், உப்புவெளி

ஐயா, மெசின் இருக்கட்டும். முதலில் ஆளைப் பிடியுங்கள்.

எங்கள் பட்டறையில் பொறுப்பானவர்கள் மூன்று பேர். புதிதாக வருகிறவர்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்த மாஸ்டர் ஒருவர் பழக்குகிறார். ஆயுதங்களைக் கூர் தீட்டுவது கிண்ணியாவிலிருந்து வரும் ஓடாவி நானா. திறப்பும் கணக்குக் கொப்பியும் என்னிடம். இதில் நானாவுக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறோம். "பொதுவேலைக்கு எதற்குச் சம்பளம்?" என்று தொடக்கத்தில் சிலர் கேட்டார்கள். பலர் பாவிக்கும் உளியை யாரும் தன்னுடையது என்று நினைப்பதில்லை. மொட்டையானால் அப்படியே சுவரில் கொழுவிவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். மொட்டை உளியை இரண்டு மடங்கு பலம் போட்டுத் தள்ள வேண்டும், அது சறுக்கும், மற்றக் கை கிழியும். அதனால்தான் கூர் பார்ப்பதற்கென்று ஒருவர் வேண்டும் என்கிறேன். அந்த வேலைக்குச் சம்பளமும் வேண்டும்.

நானா உளி தீட்டுவதை ஒருமுறை வந்து பாருங்கள். கல்லில் தண்ணீர் விட்டு, முதலில் உளியின் தட்டையான முதுகைத் தேய்ப்பார். பெரும்பாலானோர் சரிவுப் பக்கத்தை மட்டும் தீட்டிவிட்டு முதுகை விட்டுவிடுவார்கள். இரண்டு பக்கமும் சேரும் இடம்தானே கூர்? தீட்டி முடிந்ததும் யன்னல் வெளிச்சத்துக்கு நேரே வாயைப் பிடித்துப் பார்ப்பார். வாயோரம் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கினால் இன்னும் மொட்டை. கூரான வாயில் வெளிச்சம் நிற்க இடமில்லை, ஒன்றும் தெரியாது. பிறகு வேப்பம் பலகைத் துண்டு ஒன்றின் தலைப்பக்கத்தைச் சீவிப் பார்ப்பார். நொறுங்காமல் சுருளாக வந்தால்தான் உளி சுவருக்குப் போகும்.

சரி, காசுக்கு வருகிறேன். ஆடாத பாரமான வேலை மேசை, அதில் பூட்டிய வைஸ், உளிகள், சீவுளிகள், கைவாள்கள், தீட்டும் கற்கள். ஒட்டும் பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எத்தனை வாங்கினாலும் போதாது, வாங்கிக்கொண்டே இருங்கள். மெசின் என்றால் முதலில் பாண்ட்சோ, வளையமாக ஓடும் பட்டை வாள். அதன் வாள் பலகையைக் கீழே மேசையோடு அழுத்தும், ஆளின் பக்கம் எறியாது. மேசையில் பூட்டிய வட்ட வாள் அப்படியல்ல. அரிந்த பலகை நெரிந்து வாளின் பின்பக்கத்தைக் கவ்வினால், அதே வேகத்தில் பலகை உங்கள் வயிற்றுக்கு வரும். இதைத் தடுக்கத்தான் வாளுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கிறது. இடைஞ்சல் என்று அதைக் கழற்றி வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களிடம் அந்தத் தகடு இல்லாமல் மெசின் போடுகிறவருக்கு அன்றோடு சந்தா முடிந்தது. வயது, உறவு, கொடுத்த நன்கொடை எதையும் பார்ப்பதில்லை.

கேள்வி: மரவேலை செய்த நாட்களில் கை அரிக்கிறது, தும்மல் நிற்பதில்லை. இது பழகிப் போகுமா?
- வாசகர், லிங்கநகர்

பழகாது தம்பி. அரிப்பு கூடத்தான் செய்யும். முதிரை அரிந்தீர்களா? முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் பட்டாலே தடித்துவிடும். வேலை முடிந்ததும் கையையும் கழுத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அந்தச் சட்டையோடு வீட்டுக்குள் போகாதீர்கள். தும்மலை இன்னும் கவனமாகப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருட்களில் சேர்த்துவிட்டது. மூக்கின் உட்பகுதிதான் அதிகம் பாதிக்கப்படுகிறது. தும்புத்தடியால் கூட்டினால் நுண்ணிய தூள் எழும்பி மூக்குக்கே வரும், உறிஞ்சி எடுக்க வேண்டும். முகத்தோடு இறுகப் பொருந்தும் மாஸ்க் போடுங்கள். அரிப்பும் தும்மலும் குறையாவிட்டால் டொக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பெண்பிள்ளைகள் வந்து பழகலாமா? நான் பர்தா அணிகிறவள். மெசின் பக்கம் விடுவார்களா?
- வாசகி, கிண்ணியா

தாராளமாக வாங்கோ தங்கச்சி. சனிக்கிழமை காலையில் பெண்களே கூடுதலாக இருப்பார்கள். முந்தானை, துப்பட்டா, தாவணி எதுவானாலும் தொங்கும் துணி மெசினுக்குக் கிட்டப் போகக்கூடாது. தலைத்துணியின் நுனிகளை மேலங்கிக்குள் விட்டு ஊசி குத்திக்கொண்டால் போதும். வளையலும் மோதிரமும் வீட்டில் இருக்கட்டும். கையுறை போடாதீர்கள், சுழலும் வாள் நூலைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும். முதல் வேலையாக மாஸ்டர் எல்லோருக்கும் ஒரு சின்ன வாங்கு செய்யக் கொடுப்பார், முழுக்கக் கைவேலை. அது ஆடாமல் நின்றபிறகுதான் மெசின்.

கேள்வி: மார்கழியில் என் அலுமாரி லாச்சிகள் இறுகித் திறக்கவே முடிவதில்லை. ஆடியில் கடகடவென்று ஆடுகின்றன. செய்தவர் ஏமாற்றிவிட்டாரா?
- வாசகி, சாம்பல்தீவு

அவரைத் திட்டாதீர்கள் அம்மா, மரம் அப்படித்தான். எங்கள் பக்கம் ஐப்பசி தொடங்கித் தை வரை வாடைக்காற்றும் மழையும். பலகை காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கும். பிறகு கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்து சுருங்கும். நீளத்தில் இது தெரியவே தெரியாது, அகலத்தில்தான் எல்லாம். அதிலும் ஆண்டு வளையத்தின் போக்கில் விரிவது, நடுவிலிருந்து பட்டைப் பக்கம் விரிவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆகவே மார்கழியில் சீவுளி எடுக்காதீர்கள். அப்போது சீவினால் ஆடியில் லாச்சி இன்னும் ஆடும். இப்போதைக்கு ஓரங்களில் மெழுகுதிரியைத் தேயுங்கள். மழை விட்ட பின்னும் இறுகினால் அப்போது கொஞ்சம் சீவலாம். வார்னிஷ் வெளிப்பக்கம் மட்டும் பூசியிருந்தால் உட்பக்கமும் பூசிவிடுங்கள். ஈரம் அடியோடு நிற்காது, ஆனால் மெதுவாக ஏறும். புதிதாக மேசை செய்விக்கிறவர்களும் கேளுங்கள்: மேற்பலகையைச் சட்டத்தோடு இறுக்கி ஒட்ட விடாதீர்கள். திருகாணிக்கு நீள்துளை போடச் சொல்லுங்கள், பலகை அசைய இடம் வேண்டும். இல்லாவிட்டால் கச்சானில் வெடிக்கும்.

கேள்வி: உடைத்த பழைய வீட்டின் தீராந்திகள் (கூரை விட்டங்கள்) கிடக்கின்றன. கொண்டுவந்து அரியலாமா?
- வாசகர், மூதூர்

கொண்டுவாருங்கள், ஆனால் ஆணி பிடுங்கிவிட்டு. தலை முறிந்து உள்ளே கிடக்கும் ஒரே ஆணி, பலகை சீவும் மெசினான பிளேனரின் கத்திகளைக் கொத்திவிடும், பிறகு எல்லோருடைய பலகையிலும் கோடு விழும். பலமான காந்தத்தை மரத்தின் மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள், கறுத்த கறை உள்ள இடத்தில் இரண்டு தடவை. கத்தி உடைந்தால் மரக்காரர்தான் காசு கட்ட வேண்டும்.

அந்தத் தீராந்தி சாவண்டலையாக இருந்தால் விறகுக்கு விற்றுவிடாதீர்கள். சிங்களத்தில் ஹல்மில்ல என்பது அதைத்தான். ஆங்கிலேயர் காலத்து மரவியாபாரத்தில் அதற்கு எங்கள் ஊரின் பெயர், 'ட்ரிங்கோமலி வுட்'. மதராஸ் கரையின் முரட்டு அலையைத் தாண்டிய மசூலா படகுகளுக்கு இங்கிருந்து போன மரம் அது. என் அப்பாவும் ஓடாவி. வள்ளத்துக்குச் சாவண்டலைப் பலகை கிடைத்த நாளில் சாப்பாட்டை மறந்துவிட்டுத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார். இப்போது கடலுக்குப் போவது பெரும்பாலும் ஃபைபர் படகுகள். அதனால் பழைய வீடுகளிலிருந்து அந்த மரம் வரும்போது எனக்கு ஒரு சந்தோஷம்.

ஒன்று சொல்ல வேண்டும். பழைய தீராந்தி வேறு, புதிதாகத் தறிப்பது வேறு. சொந்த வளவில் நின்றாலும் பலா மரத்தையோ பெண் பனையையோ அனுமதி எடுக்காமல் தறிக்கக்கூடாது. பிரதேச செயலகத்தில் கேளுங்கள். மரத்தை வாகனத்தில் ஏற்றுவதற்கு முன் வழிப் பத்திரம் வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: இங்கே பழைய மெசின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. ஊர்ப் பட்டறைக்கு அனுப்பலாமா?
- வாசகர், ரொறன்ரோ

உங்கள் மனசு பெரிது தம்பி. ஆனால் கனடா மெசின் வேண்டாம். அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் (மின்சாரம் ஒரு செக்கனில் அலையும் தடவை). இங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ட்ரான்ஸ்போமர் வைத்தால் வோல்ட் மாறும், ஹேர்ட்ஸ் மாறாது. பெரிய மெசின்களில் உள்ள இன்டக்‌ஷன் மோட்டார் ஹேர்ட்ஸ் குறைவதால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும், சூடாகும். அவுஸ்திரேலியாவில் இருக்கிறவர்கள் அனுப்பலாம், அங்கும் 230, 50தான். பிளக்கை மட்டும் மாற்றினால் சரி.

நீங்கள் கைச்சாமான் அனுப்புங்கள்: நல்ல கிளாம்ப், தீட்டும் கல், பழைய இரும்புச் சீவுளி. வட்ட வாள் அனுப்புவதென்றால் நடுத்துளையின் அளவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அங்கத்தைய துளை இங்குள்ள மெசின்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

காசாகவே தருவதென்றால் என் விருப்பத்தைச் சொல்கிறேன். நானாவுக்குக் கண் குறைகிறது. அவருக்குப் பக்கத்தில் இருந்து கூர் தீட்டப் பழக ஒரு பெடியன் ஆசையோடு வருகிறான், ஆனால் கூலிவேலை கிடைக்கும் நாளில் வரமாட்டான். அவனுக்கு ஒரு வருடச் சம்பளம் கொடுக்க முடிந்தால் கொடுங்கள். கணக்குக் கொப்பியைப் படம் எடுத்து மாதாமாதம் அனுப்புவேன்.