வாசகர் கேள்வி – பதில்: காரின் வால்வு வானொலியில் பியூஸ் ஏன் போகிறது?

கேள்வி: ஐயா, என் தாத்தா வாங்கிய 1952-ஆம் ஆண்டு அமெரிக்கக் காரில் ஆறு வோல்ட் வால்வு வானொலி அப்படியே இருக்கிறது. முப்பது ஆண்டுகளாக யாரும் அதைப் போட்டதில்லை. அண்மையில் அதைக் கழற்றி ஆறு வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். டயல் விளக்கு எரிந்தது. இரண்டொரு நொடியில் பியூஸ் போய்விட்டது. புதிய பியூஸ் போட்டாலும் அதே நிலைதான். வால்வுகள் அனைத்தையும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: வால்வுகளுக்கு (டிரான்சிஸ்டருக்கு முன் வானொலிகளில் இருந்த கண்ணாடிக் குழாய்களுக்கு) இப்போது ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம். இத்தனை ஆண்டுகள் சும்மா இருந்த பெட்டியில் வால்வுகள் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். கெட்டுப்போவது மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களும் (மின்னைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) வைப்ரேட்டரும்தான்.

வால்வுகளுக்கு 200 முதல் 250 வோல்ட் வரை தேவை. பேட்டரியின் நேர்மின்சாரத்தை டிரான்ஸ்பார்மரால் நேரடியாக உயர்த்த முடியாது என்பதால், அதை விட்டுவிட்டுப் பாயச் செய்ய வைப்ரேட்டரை வைத்தார்கள். வால்வைப் போலவே சாக்கெட்டில் செருகப்படும் அந்தச் சிறிய உருளை டப்பாவுக்குள் ஒரு மெல்லிய எஃகுத் தகடு நொடிக்கு ஏறத்தாழ 115 முறை அதிர்ந்து, அதன் முனைகள் மின்சாரத்தை மாறிமாறி இணைத்துத் துண்டிக்கின்றன. பெட்டியைப் போட்டவுடன் கேட்க வேண்டிய 'உர்ர்' என்ற ஓசை அதனுடையது.

முதலில் வைப்ரேட்டரை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதிய பியூஸுடன் பெட்டியைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் பியூஸ் போனால் கோளாறு உள்வரும் கம்பியிலோ சுவிட்சிலோ நுழைவாயில் கண்டென்சரிலோ இருக்கிறது. பியூஸ் போகாமல் நின்று, வால்வுகளின் இழைகள் சூடாகி, இரண்டு மூன்று ஆம்பியர் மட்டும் ஓடினால், ஒன்று வைப்ரேட்டரின் முனைகள் உருகி ஒட்டியிருக்கின்றன, அல்லது உயர் வோல்ட் பகுதியில் ஏதோ ஷார்ட் ஆகியிருக்கிறது. டயல் விளக்கு எரிந்ததைக் கொண்டு பார்த்தால் உங்கள் பெட்டி இந்த இரண்டாம் வகை என்றே கருதுகிறேன்.

முனைகள் ஏன் ஒட்டுகின்றன? டிரான்ஸ்பார்மரின் உயர் வோல்ட் சுற்றின் குறுக்கே பஃபர் கண்டென்சர் ஒன்று இருக்கும். முனைகள் பிரியும்போது எழும் வோல்ட் பாய்ச்சலைத் தாங்கித் தீப்பொறியைக் குறைப்பது அதன் வேலை. அது கசியத் தொடங்கினால் எத்தனை புதிய வைப்ரேட்டர் போட்டாலும் ஒவ்வொன்றாகக் கருகும். ஆகவே சோதித்துப் பார்க்காமலே அதை மாற்றிவிடுங்கள். அதன் மைக்ரோபாரட் அளவு அந்த டிரான்ஸ்பார்மருக்கென்றே கணக்கிட்டு வைக்கப்பட்டது. வரைபடத்தில் உள்ள அதே அளவில், 1600 வோல்ட்டுக்குக் குறையாத பாலிபுரொப்பிலீன் கண்டென்சரைப் போட வேண்டும். கடையில் 630 வோல்ட் கண்டென்சரைத் தந்தால் வாங்காதீர்கள்.

அடுத்து, ஒலி வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்கு (உள்ளே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலைக்கு) செல்லும் இணைப்புக் கண்டென்சரையும், மின்வழங்கியின் எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களையும் மாற்றுங்கள். இணைப்புக் கண்டென்சர் கசிந்தால் கிரிட்டில் நேர் வோல்ட் ஏறி அந்த வால்வு சிவக்கச் சூடாகும். கிடைத்தற்கரிய வெளியீட்டு டிரான்ஸ்பார்மரும் அதோடு சேர்ந்து எரியக்கூடும். மூடியைத் திறந்து வேலை செய்யும்போது, பேட்டரியைக் கழற்றிய பிறகும் எலெக்ட்ரோலிட்டிக்குகளில் 200 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம் என்பதை மறவாமல், ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டுக் கைவையுங்கள்.

வைப்ரேட்டரின் டப்பாவைப் பொறுமையாகத் திறந்து, மிக நைசான உப்புத்தாளின் ஒரு கீற்றை முனைகளுக்கு நடுவே இழுத்துத் துடைத்தால் பல வேளைகளில் மீண்டும் இயங்கும். தகட்டை வளைத்துவிடக் கூடாது. மின்னணு வைப்ரேட்டர் வாங்குவதானால், உங்கள் காரில் பாசிட்டிவ் எர்த்தா, நெகட்டிவ் எர்த்தா (பேட்டரியின் எந்த முனை காரின் உடலோடு இணைந்திருக்கிறது) என்று பார்த்து அதற்கேற்றதை வாங்க வேண்டும்.

கேள்வி: என் பழைய காரை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டோம். ஆறு வோல்ட் வானொலிக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதுமா?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: போதாது. பெட்டி முழுமையாக இயங்கும்போது 7 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 0.86 ஓம் ரெசிஸ்டர் ஆறு வோல்ட்டைக் குறைத்துவிடும். ஆனால் அதுவே 42 வாட் வெப்பமாகக் கொதிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, வைப்ரேட்டர் நின்றுபோகும் நேரத்தில் இருக்கிறது. அப்போது இழைகளுக்குரிய 2.5 ஆம்பியர் மட்டுமே ஓடுவதால் ரெசிஸ்டரில் ஏறத்தாழ 2 வோல்ட்தான் குறையும். மீதி 10 வோல்ட்டும் ஆறு வோல்ட் இழைகளின் மேல் விழும். 12-ஐ 6 ஆக்கும், 10 ஆம்பியருக்கு மேல் தாங்கும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்துங்கள். அதன் இரைச்சல் வானொலியில் கலக்காமலிருக்க உலோகப் பெட்டிக்குள் வைத்து, வானொலிக்கும் ஏரியலுக்கும் எட்டப் பொருத்துங்கள்.

கேள்வி: பழுது பார்த்த பின்னும் நிலையங்கள் மெல்லியதாகவே கேட்கின்றன. எஃப்.எம். வரவே இல்லை.
– ஒரு வாசகர், மதுரை

பதில்: உங்கள் பெட்டி மத்திய அலைக்கு மட்டும் உரியது, அதில் எஃப்.எம். வராது. ஒலி குறைவதற்கு ஏரியல் கம்பியைப் பாருங்கள். டி.வி. கேபிளைப் போட்டிருந்தால் எடுத்துவிட்டு, கார் ஏரியலுக்கென்றே உள்ள கம்பியைப் போடுங்கள். பிறகு பெட்டியைக் காரிலேயே பொருத்தி, ஏரியலை முழுதும் நீட்டி, 1400 கிலோஹெர்ட்ஸ் அருகே வலுக்குறைந்த நிலையம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, ஏரியல் துளைக்குப் பக்கத்தில் உள்ள டிரிம்மர் திருகை (பெட்டியை ஏரியலுக்கு இசைவிக்கும் சிறு திருகை)ச் சிறு திருப்புளியால் மெதுவாகத் திருப்புங்கள். ஒலி உச்சத்தை அடைந்து மீண்டும் குறையத் தொடங்கும் இடத்தில் கையை ஒரு மயிரிழை பின்னுக்கு எடுத்து நிறுத்துங்கள்.