ஆக்டேவியா ஆர்எஸ்ஸை விற்றுவிட்டு ஐ20 என் லைன் வாங்கலாமா?

ராமேசுவரத்துக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கிறீர்கள், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 காரின் செலவு கட்டுப்படியாகவில்லை, ஹூண்டாய் ஐ20 என் லைனுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாறலாம். 245 குதிரைத்திறனை இங்கே எங்கே ஓட்டுவது? பாம்பன் பாலத்தில் பக்கக்காற்று, தனுஷ்கோடி சாலையில் மணல், நடுவே ஆடு மாடு வேறு.

ஐ20 என் லைனின் 120 குதிரைத்திறன் முதல் மாதம் சப்பென்றுதான் இருக்கும். ஆனால் வண்டி லேசு, டயர் 16 அங்குலம்தான், செலவு குறையும். மூன்றாம் நபர் காப்பீட்டையே பாருங்கள்: 2022-இல் அறிவித்த கட்டணப்படி 1500 சிசிக்கு மேல் 7,897 ரூபாய், 1000 சிசி வரை 2,094. ஆக்டேவியா முதல் வகை, ஐ20 என் லைன் 998 சிசிதான்.

ஐ20 என் லைனும் ஆக்டேவியா போல டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும்) எஞ்சின்தான், ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் உப்புக்காற்று. அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவ வேண்டும். நம் ஊரில் அதற்குத்தான் பெரும்பாடு.